போர்க்காலமும் தமிழ்ப் பெண்டிரும்

தமிழர் தம் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்துக் கண்டனர். புறவாழ்வின் தலையாய பொருள் போர். அப்போரில் பெண்ணுக்கும் ஓர் இடம் இருந்தது. ஆயின் அவ்விடம் பெரும்பாலும் வீட்டு வாயிலைக் கடவாததாகவே அமைந்தது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மறக்குடி மங்கை, வீட்டு ஆடவரை அடுத்தடுத்துக் களத்தில் இழந்தும் கலங்காது, எஞ்சியிருந்த ஒரே மகனுக்குத் தலைவாரி, வேல் கொடுத்து, அவனையும் போருக்கு விடுத்தாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள் வாளேந்திக் களம் புகுந்தது உண்மை. ஆனால் அவள் சென்றது பகைவரோடு பொருவதற்கன்று, வீழ்ந்து கிடந்த மகனின் உடலைத் தேடுவதற்கு. அனுப்புதல், காத்திருத்தல், தேடுதல் ஆகிய இம்மூன்றுமே பழம்போர்கள் பெண்ணுக்கு வகுத்த தொழில்கள்.

இதற்கு விலக்காக நின்றோரும் உளர். கணவனை இழந்து நாட்டையும் இழந்த வேலு நாச்சியார், படை திரட்டி வந்து 1780-இல் சிவகங்கைச் சீமையை மீட்டார். எனினும் அவர் அரசியார். எளிய குடியிற் பிறந்து கூலிவேலை செய்து பிழைக்கும் ஒரு பெண்ணின் கையில், அவளுடைய பெயரைப் பதிவேட்டில் எழுதி, நாட்டின் பேரால் ஒரு துப்பாக்கியைக் கொடுக்கும் காலம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அக்காலத்தைக் கொணர்ந்தது இரண்டாம் உலகப் போர்.

அப்போர் பெண்ணுலகிற்கு என்ன தந்தது? தந்தவற்றுள் எவை நின்றன, எவை போயின? ஏன் சில நின்றன, ஏன் சில போயின? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வோம். இவை நம் பாட்டிமாரின் வாழ்வைத் தொட்டு எழும் வினாக்கள். நம் புதல்வியரின் வாழ்வுக்கும் பயன் தருபவை.

மேனாட்டார் கண்ட பாடம்

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபொழுது, இங்கிலாந்தின் ஆடவர் இலட்சக்கணக்கில் பட்டாளம் சேர்ந்தனர். வெறுமையாகிய தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பெண்கள் புகுந்தனர். குண்டும் தோட்டாவும் செய்தனர். டிராம் வண்டிகளில் சீட்டுக் கொடுத்தனர். 1918-இல், முப்பது வயது நிரம்பிச் சிறிது சொத்துத் தகுதியும் உடைய பெண்களுக்கு அந்நாட்டில் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே, போருக்கு முன்னிருந்த வழக்கங்களை மீண்டும் நிலைநாட்ட ஒரு சட்டம் வந்தது. திரும்பி வந்த ஆடவர்க்குப் பழைய வேலைகள் உரியவாயின. பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாக்குரிமைக்காக அந்நாட்டுப் பெண்கள் போருக்கு முன்பே பல்லாண்டு போராடியிருந்தனர், அது நிலைத்தது. வேலையோ போரின் நெருக்கடியால் வந்தது. நெருக்கடி தீர்ந்தவுடன் அதுவும் தீர்ந்தது. இவ்வேறுபாடு நம் நாட்டு நிகழ்ச்சிகளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் காண்போம்.

பெங்களூர்த் தண்டில்

நம் ஊரை எடுத்துக்கொள்வோம். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த நாள்தொட்டு, தமிழர் சிப்பாய்களாகவும் கொத்தர்களாகவும் சமையற்காரர்களாகவும் வணிகர்களாகவும் இங்கு வந்து குடியேறினர். விவேக் நகரையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் வாழிடமாகக் கொண்ட குடும்பங்கள் பலவற்றின் வரலாறு அத்தண்டின் வரலாற்றோடு பின்னியது.

இரண்டாம் உலகப் போர் பெங்களூரின் முகத்தையே மாற்றிற்று. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை இங்கு நிறுவினார். 1943-இல் அது அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் பெரும் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள பெல்லந்தூர் ஏரியில் கேட்டலினா என்னும் கடல்விமானங்கள் வந்திறங்கிப் பழுது நீங்கிப் பறந்தன. பின்னி ஆலைத் தறிகள் இராணுவத்துக்கான துணியை நெய்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர் வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் பர்மாவுக்கும் சென்று, பாலம் கட்டியும் கண்ணிவெடி அகற்றியும் புகழ் பெற்றனர்.

ஆடவர் பட்டாளத்துக்கும் பட்டறைக்கும் போயினர். வீட்டில் எஞ்சியவர் யார்? மாதந்தோறும் மணியார்டரில் வரும் தொகைக்குக் கைநாட்டு வைத்துப் பெற்று, வாடகையும் பள்ளிச் சம்பளமும் கடனும் அதற்குள் அடக்கிக் குடும்பத்தை நடத்திய பெண்ணே எஞ்சியவள். 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. பங்கீட்டு முறை வந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றவளும், சோறுண்டு பழகிய தென்னாட்டு வீடுகளில் கோதுமையையும் கேழ்வரகையும் கொண்டு குழந்தைகளின் வயிற்றை நிரப்ப வழி கண்டவளும் அவளே. இவ்வேலைக்குச் சம்பளமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆயினும் வரவு செலவைத் தானே முடிவு செய்யும் பழக்கம் அவளுக்கு வந்தது. கணவன் திரும்பி வந்தபின்னும் அப்பழக்கம் எளிதில் அகலவில்லை.

கல்வியுடைய பெண்களுக்கு வேறு வாயில்கள் திறந்தன. 1942-இல் இந்தியப் பெண்கள் துணைப்படை நிறுவப்பட்டது. ஏறத்தாழ 11,000 பெண்கள் அதில் சேர்ந்து, தட்டெழுத்து, தொலைபேசி, சங்கேதச் செய்தி முதலிய பணிகளைச் செய்தனர். 1943-இல் ஓர் அவசரச் சட்டத்தின் வழி இராணுவச் செவிலியர் பணி இந்தியப் படைகளின் உறுப்பாயிற்று. சீருடை அணிந்து அலுவலுக்குச் செல்லும் பெண்ணைக் கண்டு அந்நாளில் முகம் சுளித்தோர் பலர். அவளுடைய சம்பளம் வீட்டு அடுப்பை எரியச் செய்தபொழுது அச்சுளிப்பும் சிறிது சிறிதாகக் குறைந்தது.

பால்மரக் காட்டில்

இனிக் கடல் கடந்து செல்வோம். பிழைப்பு நாடிப் பெங்களூருக்கு வந்த தமிழரைப் போலவே, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு இலட்சக்கணக்கான தமிழர் சென்றனர். போர் தமிழ்ப் பெண்ணின் வாழ்வை மிகக் கடுமையாகப் புரட்டியது அங்கேதான்.

தோட்டத்துப் பெண் விடியுமுன் எழுந்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் சீவிப் பாலெடுத்து, லயத்துக்குத் திரும்பிச் சமைத்தாள். ஆணுக்கு நிகராக அவள் உழைத்தாலும் கூலி நிகராக இல்லை. மலாயாத் தொழிலாளர் நிலையை நேரிற் கண்டு 1937-இல் அறிக்கை அளித்த மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்னும் பழைய கூலியை மீண்டும் அளிக்கவேண்டும் என்றே பரிந்துரைத்தார். பெண்ணின் உழைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பது அந்நாளில் எவரும் வினவாத கணக்கு. கூலிக்குறைவோடு மானக்குறைவும் இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், தொழிலாளர் வீட்டுப் பெண்டிரிடம் தோட்ட அதிகாரிகள் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும் என்பதும் ஒன்றாகும்.

அவ்வேலைநிறுத்தம் துருப்புகளைக் கொண்டு ஒடுக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பர் வாங்குவார் இல்லை; கூலி கொடுப்பாரும் இல்லை. அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை உடுத்தினர். சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை போடத் தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். சில மாத வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டோருள் பெருந்தொகையினர் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் இரையாகி மீளவில்லை. லயங்களில் எஞ்சியவர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. காட்டைத் திருத்திக் கிழங்கு நட்டவள் பெண். நோயுற்றாரைக் காத்தவள் பெண். வாராத கணவனின் வழி பார்த்திருந்தவளும் அவளே.

துப்பாக்கி ஏந்திய கைகள்

இச்சூழலில்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2-ஆம் நாள் சிங்கப்பூர் வந்தடைந்தார். ஒருவாரம் கழித்து, ஜூலை 9-இல் பெருங்கூட்டமொன்றில் பேசுகையில், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப்படை அமையவேண்டும் என்று அறிவித்தார். ஜூலை 12-ஆம் நாள் பெண்கள் கூட்டமொன்றில், புடவை கட்டிய இளநங்கையர் சிலர் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தனர். அதனை ஏற்பாடு செய்தவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1914-இல் சென்னையில் பிறந்து, 1938-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்துவந்தவர் அவர்.

1943 அக்டோபர் 22-இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்த பல நூற்றுவருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்களுள்ளும் பலர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எழுத்தறியாதார் மிகுதி. முகாமில் அவர்கள் துப்பாக்கி சுடவும் நெடுந்தொலை நடக்கவும் காயத்துக்குக் கட்டுக் கட்டவும் கற்றனர். கூடவே எழுத்தும் கற்றனர். கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, காற்சட்டையும் தொப்பியும் அணிந்தனர். பல சாதியினரும் பல சமயத்தினரும் ஓரிடத்தில் உறங்கி ஓரிடத்தில் உண்டனர்.

ஆயினும் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. படையிற் சேரவேண்டிய பெண் தன் தந்தையிடமோ கணவனிடமோ இசைவு பெறவேண்டியிருந்தது. நாட்டுக்காக உயிர்கொடுக்க முன்வந்தவளும் வீட்டின் அனுமதியோடுதான் முன்வர முடிந்தது. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்திற் பிறந்த ஜானகி தேவர் பதினெட்டே வயதினர். நேதாஜியின் பேச்சைக் கேட்டு அவ்விடத்திலேயே காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தந்தையாரை வாதாடி இசையச் செய்தபின்னரே அவர் முகாம் புகுந்தார். பின் அப்படையின் தலைவியருள் ஒருவராக உயர்ந்தார்.

1944-இல் இப்படையின் ஒரு பகுதி பர்மா சென்று மேமியோவில் தங்கியது. இம்பால் போர் தோல்வியில் முடிந்தமையின், முன்னணியில் பொரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. காயமுற்றும் மலேரியாவால் வாடியும் திரும்பிய வீரர்களைக் காக்கும் பணியில் அவர்கள் ஈடுபட்டனர். 1945 ஏப்ரல் 24-இல் இரங்கூனை விட்டுப் பின்வாங்கும் நிலை வந்தது. குண்டுமழைக்கிடையே, பெரும்பாலும் இரவில், ஆறுகளைக் கடந்து அவர்கள் நடந்தனர். அப்பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பாமல் தாம் முன்செல்லேன் என்று நேதாஜியும் உடன் நடந்தார். பின்வாங்கும் வழியில் நேர்ந்த தாக்குதலில் படையைச் சேர்ந்த பெண்கள் இருவர் உயிர் துறந்தனர்.

இப்படை வென்ற கோட்டை எதுவும் இல்லை என்று சொல்வார் சொல்லலாம். நாற்பது காசுக்கு மரம் சீவிய கை அணிவகுப்பில் ஆணைக்கு உயர்ந்தது. தோட்டத்து அதிகாரியைக் கண்டால் தலைகுனிந்து நின்றவள் நிமிர்ந்து நிற்கக் கற்றாள். கோட்டையைப் பிடிப்பதினும் இஃது எளிய செயல் அன்று.

மூடிய கதவுகள்

போர் 1945-இல் முடிந்தது. கதவுகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. பெண்கள் துணைப்படை கலைக்கப்பட்டது. இந்திய நிலக்கரிச் சுரங்கங்களின் செய்தி இன்னும் தெளிவானது. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வது 1937 முதல் முற்றும் தடைசெய்யப்பட்டிருந்தது. போருக்கு நிலக்கரி தேவைப்பட்டது, ஆட்கள் கிடைக்கவில்லை, 1943-இல் தடை நீக்கப்பட்டது. பெண் அமைப்புகள் அதனைக் கண்டித்தன. வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த டாக்டர் அம்பேத்கர் 1944 பிப்ரவரியில் சட்டசபையில் இதற்கு விடையளித்தார். இவ்வேற்பாடு தற்காலிகமே என்றார். இத்தொழிலில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்னும் நெறி முதன்முறையாக நிலைநாட்டப்பட்டுள்ளது என்பதையும் எடுத்துக் காட்டினார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது. தடை பெண்ணின் உடல்நலம் கருதியதே, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் வேலையோடு அச்சம கூலியும் சென்று மறைந்தது. உழைப்பில் சமம், கூலியிலும் சமம் என்று ஒரு காலத்தில் ஒப்புக்கொண்ட நாடு, அதனைச் சட்டமாக எல்லோர்க்கும் எழுதியது 1976-இல்தான்.

மலாயாவிலோ, படையிலிருந்து திரும்பிய தோட்டத்துப் பெண்கள் பலர் மீண்டும் மரம் சீவும் கத்தியையே கையில் எடுத்தனர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயரை இன்று எவரும் அறியார். போரின் பயன் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவாகக் கிட்டவில்லை. கல்வியும் குடும்பத் துணையும் உடையார் மேலேறினர். இல்லாதார் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தனர். வரலாறு எழுதுவோர் இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது.

மூடாத கதவுகள்

எனினும் சில கதவுகள் மூடவில்லை. ஜானகி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபொழுது அதனை உருவாக்கியோருள் ஒருவராக நின்றார். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 2000-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. ஈப்போவிலிருந்து பள்ளிப் பருவத்திலேயே படையிற் சேர்ந்த ராசம்மா, பின்பு ராசம்மா பூபாலன் என்னும் பெயரோடு ஆசிரியப் பணி ஏற்றார். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவித் தலைமை தாங்கி, ஆணுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடினார். அக்கோரிக்கை அப்பத்தாண்டிலேயே வெற்றி கண்டது. சாஸ்திரியார் காலத்தில் எவரும் வினவாத அந்த ஐந்தில் ஒரு பங்குக் கணக்கை, அந்நாட்டிலேயே ஒரு தமிழ்ப் பெண் எழுந்து வினவினார், விடையும் பெற்றார்.

லட்சுமி 1947-இல் கர்னல் பிரேம் குமார் சேகலை மணந்து கான்பூரில் குடியமர்ந்து, முதுமை வரை ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார். 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாம் அவர்களை எதிர்த்து நின்றார். இருவர் நிற்கும் அப்போட்டியில் இருவருமே தமிழ் மண்ணில் பிறந்தவர்கள் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. 2012-இல் அவர் மறைந்தார்.

இவர்களிடம் நின்றது எது? படை கலைந்தது, சீருடை போயிற்று, பதவியும் போயிற்று. ஒன்றுகூடுதல், மேடையேறிப் பேசுதல், கணக்கு வைத்தல், பிறரை நடத்திச் செல்லுதல் ஆகிய பயிற்சிகள் போகவில்லை. போர் கொடுத்த வேலையைப் போர் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டனர். பெண்கள் தாமே கற்றதையும், தாமே சங்கம் அமைத்துக் கேட்டுப் பெற்றதையும் எவராலும் திருப்பி வாங்க இயலவில்லை. வரலாறு நமக்கு உரைக்கும் பாடம் இதுவேயாம்.

இன்றைய நம் கடன்

போர்க்காலத்து விதை பெங்களூரிலும் முளைத்தது. விமானத் தொழிற்சாலையால் தொழில்நகரமாகத் தொடங்கிய இவ்வூரில், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்சும், 1961-இல் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தன. நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் மேசைகளில் பெண்கள் பலர் அமர்ந்தனர். நிறுவனப் பேருந்துக்கு விடியலில் காத்து நின்ற அப்பெண்களின் சம்பளத்தில் வீடு கட்டிய குடும்பங்களும் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய குடும்பங்களும் நம் பகுதிகளில் பல.

1992 முதல் சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பெண்கள் இராணுவ அதிகாரிகளாகப் பயின்று வருகின்றனர். 2020-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தரப் பணியுரிமையை உறுதி செய்தது. 2021 மே மாதம் 8-ஆம் நாள், இராணுவக் காவற்படையில் சேர்ந்த முதல் பெண்கள் அணியினர் 83 பேர் பயிற்சி முடித்து அணிவகுத்தது நம் பெங்களூரிலேயே. சிங்கப்பூரில் புடவை கட்டிய நங்கையர் துப்பாக்கி ஏந்தி நின்ற நாளிலிருந்து எண்ணின், இடைப்பட்ட காலம் எழுபத்தேழு ஆண்டுகளுக்கு மேலாகும். இம்முறை போர் நெருக்கடி எதுவும் அவர்களை அழைக்கவில்லை. உரிமையால் அவர்கள் வந்தனர்.

இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தைத் தம் கண்ணாற் கண்ட மூதாட்டியர் இன்று மிகச் சிலரே. அவர்தம் புதல்வியர் நம்மிடையே உளர். மணியார்டரை எண்ணிக் குடும்பம் காத்த அன்னையின் கதையையும், பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ மீண்டு வந்த பாட்டியின் கதையையும், இரவுநேர வேலைக்கு அஞ்சாது சென்ற அத்தையின் கதையையும் இளைஞர்கள் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். மன்னர் பெயரைக் கல் காத்தது. தலைவர் பெயரை ஏடு காத்தது. பெயரறியாத அப்பெண்டிரின் நினைவைக் காக்கவேண்டியவர் நாமே. நம் வீட்டுப் பெண்மகவு கல்வியும் ஊதியமும் கருத்துரிமையும் கேட்கும்பொழுது, அதனை ஒரு நெருக்கடி வரட்டும் என்று காத்திராமல், இன்றே இன்முகத்தோடு அளித்தலே அம்முன்னோர்க்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு.

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ்ப் பெண்டிர்!